அறுந்த இழையும் நின்ற தறியும்

(ஆர்.கே.பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உற்பத்தியில் வீணாவதை எப்படிக் குறைப்பது என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். இதற்கு 'லீன்' உற்பத்தி முறை என்று பெயர். இந்த அவையில் பாதிப் பேர் அந்தப் பெயரைத் தங்கள் ஆலையின் சுவரில் தினமும் பார்க்கிறவர்கள். மீதிப் பேர் அதைக் கார் கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைக்க வேண்டாம். அந்த முறையின் வேர் தறியில் இருக்கிறது. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று தறிச் சத்தத்திலேயே வளர்ந்த ஊர்களின் நடுவே நின்று இதைப் பேசுவதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

சகிச்சி டோயோடா 1867இல் ஜப்பானின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா தச்சர், அம்மா வீட்டில் நெய்தவர். அம்மா தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, மரத்தறியைத் திருத்தப் புறப்பட்டு, 1891இல் தன் முதல் கைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் தறி, தறி, தறிதான். 1924இல், மகன் கீச்சிரோவின் உழைப்பும் சேர்ந்து, ஜி வகைத் தானியங்கித் தறி வந்தது. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவை அது மாற்றிக்கொண்டது. பாவில் ஓர் இழை அறுந்தால் தானே நின்றது. இந்த இரண்டாவது குணத்தைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன்.

அது எப்படி நிற்கிறது? ஒவ்வொரு பாவு இழையும் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைத் தாங்கிக்கொண்டு போகும். நம்மூர் மெக்கானிக்குகள் டிராப் பின் என்பார்கள். இழை விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். இழை அறுந்தால் தகடு விழும். விழுந்த தகடு அடியில் ஆடிக்கொண்டிருக்கும் பட்டையைத் தடுக்கும், தறி நின்றுவிடும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். புவியீர்ப்பு போதும்.

நிற்காத தறியில் என்ன நடக்கும் என்பதை நெசவாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுந்த இழை பக்கத்து இழைகளோடு சிக்கும். இரண்டு, நான்காகும். துணியில் கோடு ஓடும். ஒரு முழம் ஓடிய பிறகு பார்த்தால் ஒரு முழத்தைப் பிரிக்க வேண்டும். பார்க்காமலே விட்டால் மடிக்கும் இடத்தில் டேமேஜ் என்று ஒதுக்குவார்கள், கூலியில் பிடித்தம் வரும். அதனால் தறிக்காரர் தறியைவிட்டு நகர முடியாது. எதற்காக அவர் அங்கே நிற்கிறார்? நெய்வது தறி. மனிதர் செய்வது காவல். தறி தானே நிற்கக் கற்றுக்கொண்ட அன்று அந்தக் காவல் வேலையிலிருந்து மனிதருக்கு விடுதலை கிடைத்தது. ஒருவரே பல தறிகளைப் பார்க்க முடிந்தது. இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில், உலகுக்கே தறி செய்து கொடுத்த பிளாட் பிரதர்ஸ் நிறுவனம், 1929இல் இந்தத் தறியின் உரிமைக்காக 1,00,000 பவுண்டு கொடுக்க ஒப்பந்தம் போட்டது. தறியை ஜப்பானுக்கு விற்றுக்கொண்டிருந்த நாடு, ஜப்பானிடம் தறி வாங்க வந்த ஆண்டு அது.

கீச்சிரோ பிறகு கார் செய்யப் போனார். 1933இல் தறிக் கம்பெனிக்குள் ஒரு மோட்டார் பிரிவு, 1937இல் தனி நிறுவனம். டாய்ச்சி ஓனோ 1932இல் டோயோடாவின் நூற்பு நெசவு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர், 1943இல் கார் கம்பெனிக்கு மாறினார். அவர்தான் இந்த முறையை ஒரு முழு அமைப்பாகக் கட்டியவர். தறியில் பார்த்த நீதியை அவர் கார்ப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பழுது பிறந்த இடத்திலேயே வேலை நிற்க வேண்டும், அடுத்த கைக்குப் பழுது போகக் கூடாது என்பது அந்த நீதி. கார் பூட்டும் வரிசையில் ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்குமேலும் ஒரு கயிறு தொங்கியது. கோளாறு கண்டவர் இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடிவருவார். உரிய நேரத்தில் சரியாகாவிட்டால் வரிசை முழுவதும் நிற்கும். ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு ஆலையை நிறுத்தும் உரிமை! 'லீன்' என்ற பெயரை 1988இல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்தார், 1990இல் வந்த ஒரு நூலால் அது உலகமெங்கும் பரவியது. பெயர் பரவிய வேகத்தில் அந்தக் கயிறு பரவவில்லை என்பது என் வருத்தம்.

ஓனோ ஏழு வகை வீண்களைச் சொன்னார். அவற்றை வரிசையாக ஒப்பிக்க நான் வரவில்லை, எந்த ஆலைச் சுவரிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தேவைக்கு மேல் செய்வதுதான் வீண்களிலேயே மோசமானது என்றார் அவர். காரணம், மற்ற வீண்களையெல்லாம் அது மறைத்துவிடுகிறது. கிடங்கில் ஆயிரம் லுங்கி அடுக்கியிருந்தால், ஒரு தறி மூன்று நாள் படுத்தாலும் யாருக்கும் உறைக்காது. நூல் விலை இறங்கினால் அடுக்கியிருக்கும் ஆயிரமும் நஷ்டக் கணக்கு. நிறம் மாறினால் அதுவும் போச்சு. தீபாவளிக்கு முன்னால் இரவும் பகலும் ஓடுவது, பிறகு பாவு இல்லாமல் தறியைத் துணிபோட்டு மூடுவது என்ற ஏற்றத்தாழ்வையும் டோயோடாக்காரர்கள் ஒரு நோயாகவே கண்டார்கள். ஏற்றத்தில் மனிதரும் இயந்திரமும் முறிகிறார்கள், தாழ்வில் இருவரும் சும்மா நிற்கிறார்கள்.

தறிக்காரர்கள் இதில் எல்லாவற்றையும் வெளியிலிருந்து கற்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பாவு தீர்ந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பழைய பாவின் கடைசி இழைகளை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைத்து இழுத்துக்கொள்கிறீர்கள். ஆயிரக்கணக்கான இழைகளை விழுதிலும் அச்சிலும் புதிதாகக் கோக்கும் வேலை மிச்சமாகிறது. ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் 1969இல் டோயோடாவின் 1000 டன் அழுத்த இயந்திரத்தில் அச்சு மாற்றும் நேரத்தை நான்கு மணியிலிருந்து ஒன்றரை மணிக்கும், பிறகு மூன்று நிமிடத்துக்கும் கொண்டுவந்தார் என்று மேலாண்மைக் கல்லூரிகளில் பாடம் நடக்கிறது. இயந்திரம் நிற்கும் நேரத்தில் செய்யும் வேலையைக் குறைத்து, முன்கூட்டியே செய்யக்கூடியதை வெளியே வைத்துச் செய்து முடிப்பது அவர் வழி. பாவு பிணைத்த கைகளுக்கு அந்தப் பாடம் உடனே புரியும்.

இனி நம் பக்கத்துக் கதை. 1951 முதல் ஜப்பானில் டெமிங் பரிசு என்று ஒன்று கொடுக்கிறார்கள். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங் 1950இல் அங்கே போய் ஆற்றிய உரைகளின் நினைவாக வைத்த பரிசு. தர நிர்வாகத்தில் உலகம் மதிக்கும் பரிசு. 1998இல் அதை முதன்முதலாக ஓர் இந்திய நிறுவனம் பெற்றது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு அது. யோஷிகாசு ட்சுதா என்ற ஜப்பானியப் பேராசிரியர் பல ஆண்டுகள் வந்துபோய் வழிகாட்டினார். அதன்பின் டி.வி.எஸ். மோட்டார், ரானே நிறுவனங்கள், லூகாஸ் டி.வி.எஸ். என்று தமிழ்நாட்டுக்குப் பரிசுகள் வரிசையாக வந்தன. 2003இல் பரிசு பெற்றவற்றில் ஒன்று பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை. அது எங்கே இருக்கிறது? இதோ, நம் பக்கத்துச் சோளிங்கரில். 2004இல் எஸ்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர் நூல் பிரிவு பெற்றது. அந்த நிறுவனத்துக்கு நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலும் ஆலை உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உலகத் தரம் என்பது சோளிங்கர் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது.

வார்ப்பாலை என்றால் என்ன, அங்கே எது வீணாகும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வீண் என்றதும் நம் மனம் குப்பைத் தொட்டியைத்தான் நினைக்கிறது. மணலில் அச்சு செய்து, உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். இரும்பு அச்சுக்குள் போக வாய்க்கால் வேண்டும். ஆறும்போது இரும்பு சுருங்கும், அந்தக் குறையை நிரப்ப மேலே ஒரு கூடுதல் குமிழ் வேண்டும். ஆறிய பிறகு வாய்க்காலையும் குமிழையும் உடைத்து மறுபடி உலையில் போடுவார்கள். 100 கிலோ ஊற்றினால் 60 கிலோ வார்ப்படம், 40 கிலோ திரும்பவும் உலைக்கு என்று வைத்துக்கொள்வோம். இரும்பு எங்கேயும் போகவில்லை, அதனால் வீண் இல்லை என்று தோன்றும். ஆனால் மின்தூண்டல் உலையில் ஒரு டன் இரும்பை உருக்க 550 முதல் 650 யூனிட் மின்சாரம் ஆகிறது. ஊற்றும் ஒவ்வொரு டன்னிலும் 220 யூனிட்டுக்குக் குறையாமல், திரும்பி வரப்போகும் இரும்பை உருக்கவே போகிறது. வாய்க்காலை ஒரு விரல் ஒல்லியாக்கினால் அதில் ஒரு பங்கு மிஞ்சும். ரொம்பவும் ஒல்லியாக்கினால் வார்ப்படத்துக்குள் பொத்தல் விழும். அந்தப் பொத்தல் வார்ப்பாலையில் தெரியாது. லாரி ஏறி, கடைசல் ஆலைக்குப் போய், கடைந்த பிறகு தெரியும். அதற்குள் அதன்மேல் எத்தனை பேர் உழைப்பு ஏறியிருக்கும்! பழுது பிறந்த இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும் என்ற தறியின் நீதி இங்கேதான் பணமாக மாறுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் கம்பி உருட்டும் ரோலிங் மில்கள். உலையிலிருந்து வார்த்தெடுத்த இரும்புக் கட்டையை ஆறவிட்டு அடுக்கி, பிறகு அதையே மறுபடி சூளையில் 1100 டிகிரிக்கு மேல் காய்ச்சி உருட்டுவது பழைய வழக்கம். காய்ச்சும்போது மேற்பரப்பு செதிலாக உதிர்ந்து 100 டன்னுக்கு ஒன்றிரண்டு டன் இரும்பு போய்விடும். எரிபொருள் வேறு. வார்த்த சூட்டிலேயே நேராக உருட்டினால் இரண்டும் மிச்சம். கேட்க எளிது. ஆனால் உலைக்கூடமும் உருட்டும் கூடமும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும், ஒன்று தடுமாறினால் மற்றது காத்திருக்கும். நடுவில் அடுக்கியிருந்த கட்டைகள்தான் இத்தனை நாளும் அந்தத் தாளமின்மையை மறைத்துவைத்திருந்தன. ஓனோ சொன்ன அதே பாடம், 1100 டிகிரிச் சூட்டில்.

கையிருப்பே இல்லாமல் நடத்துவதுதான் இந்த முறை என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியில்லை. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் சிப் ஆலை முடங்கிய பிறகு, டோயோடாவே சில பாகங்களுக்குப் பல மாதக் கையிருப்பை வைக்கச் சொல்லியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைச் சுற்றியிருந்த கார் ஆலைகள் நின்றதை நாமே பார்த்தோம். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று பகுத்துப் பார்ப்பதும் இந்த முறையின் வேலைதான்.

இப்போது என் மனத்தில் கனமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சோளிங்கரில் நடந்தது ஏன் நம் தறிக்கூடங்களில் நடக்கவில்லை? படிப்பு இல்லை, பணம் இல்லை என்பார்கள். நான் வேறு காரணம் சொல்கிறேன். வீண் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று பாருங்கள். மாதச் சம்பளம் கொடுக்கும் ஆலையில் இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றால், அந்த ஒரு மணி நேரச் சம்பளம் முதலாளியின் நஷ்டம். அதனால் அவர் பேராசிரியரை வரவழைக்கிறார். பீஸ் கூலித் தறியில் அதே ஒரு மணி நேரம் நின்றால், நஷ்டம் தறிக்காரருடையது. பாவு வராமல் நான்கு நாள் தறி காய்ந்தால், அந்த நான்கு நாளும் அவருடையது. இழை அறுந்து பிடித்தம் விழுந்தால், நூல் மட்டமாக இருந்ததாலேயே அறுந்திருந்தாலும், அதுவும் அவருடையது. வீட்டில் தார் சுற்றும் பெண்ணின் நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதேயில்லை. நூலின் தரத்தை மாற்றக்கூடியவர், பாவை நேரத்துக்கு அனுப்பக்கூடியவர், நூல் கொடுத்துத் துணி வாங்குகிறவர். வீணைக் குறைக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது, வீணின் வலி அவரிடம் இல்லை. வலியைச் சுமக்கிறவரிடம் அதிகாரம் இல்லை. இந்த ஏற்பாட்டில் எந்த ஜப்பானிய முறையும் வேர் பிடிக்காது.

அந்த வலி எவ்வளவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு தறி எட்டு மணி நேரத்தில் பத்து முறை நிற்கிறது, ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம் என்று கொள்வோம். 480 நிமிடத்தில் 40 நிமிடம் போயிற்று. பன்னிரண்டில் ஒரு பங்கு. கூலியிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதக் கூலி என்றால் ஒரு மாதக் கூலி முழுவதும் அறுந்த இழைகளுக்கும் தீர்ந்த தாருக்கும் போய்விடுகிறது.

வலி ஒருவருக்கு, அதிகாரம் இன்னொருவருக்கு என்ற இந்த நோய் பெரிய ஆலைகளிலும் வேறு வடிவில் வருகிறது. ஒப்பந்தத் தொழிலாளியும் ஆறு மாதப் பயிற்சியாளரும் வரிசையில் நிற்கிறார்கள். கோளாறைக் கண்டாலும் அவர்கள் வாய் திறப்பதில்லை. நிறுத்தினால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம். மேம்பாட்டு யோசனைப் பெட்டி தொங்கும், யோசனை சொல்கிறவர் அதன் பலனைப் பார்க்க அங்கே இருக்க மாட்டார். 'வீணைக் குறைப்பது' என்ற பெயரில் ஆளைக் குறைத்து, மிச்சமிருப்பவரை ஓடவிட்டுவிட்டு அதையும் லீன் என்கிறார்கள். இதை நான் அழுத்தமாக மறுக்கிறேன். மனிதர்மேல் ஏற்றும் அதிகச் சுமையையும் களைய வேண்டிய ஒன்றாகவே டோயோடா முறை எண்ணுகிறது. 1950இல் ஆட்குறைப்பை எதிர்த்து டோயோடாவில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கடைசியில் கீச்சிரோ டோயோடா பொறுப்பேற்றுத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதற்குப் பிறகு தொழிலாளரின் வேலைக்குக் கொடுத்த உறுதியின்மேல்தான் அந்தக் கயிறு தொங்கியது. வேலைக்கு உறுதி இல்லாதவர் கையில் கயிற்றைக் கொடுத்தால் அவர் இழுக்க மாட்டார்.

சரி, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் என்ன செய்யலாம்? ஜி வகைத் தறியில் 1924இலேயே இருந்த அந்தத் தகடு இன்னும் நம் சாதாரண விசைத்தறிகள் பலவற்றில் இல்லை. தறிக்காரரின் காதும் கண்ணும்தான் டிராப் பின். சாதாரண விசைத்தறியை இருந்த இடத்திலேயே மேம்படுத்த மத்திய அரசு உதவி கொடுத்தது. 2017இல் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்திலும் அந்த ஏற்பாடு இடம்பெற்றது. பாவு இழை அறுந்தால் நிற்கும் அமைப்பும், ஊடை அறுந்தால் நிற்கும் அமைப்பும் அதில் பொருத்தும் கருவிகளில் அடங்கும். சிறு தொழில்களுக்கான லீன் திட்டத்தை மத்திய அரசு 2023 மார்ச் 10ஆம் தேதி புதிய வடிவில் தொடங்கியது. உத்யம் பதிவு வைத்திருக்கும் உற்பத்தியாளர் சேரலாம். ஆலோசகருக்கு ஆகும் செலவில் 90 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. தறிக்கூட உரிமையாளர்கள் தனித்தனியாகப் போக வேண்டாம், சேர்ந்து போங்கள்.

ஆனால் திட்டத்துக்கு மனு போடும் முன்பே தொடங்கக்கூடிய ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு தறிக்கும் ஒரு நோட்டு. தறி நின்ற நேரம், ஓடிய நேரம், நின்ற காரணம். இழை அறுந்தது, தார் தீர்ந்தது, பிக்கர் உடைந்தது, கரண்ட் போனது, பாவு வரவில்லை. தறிக்காரர் கையாலேயே எழுத வேண்டும். ஒரு மாதம் எழுதிய பிறகு நூல் கொடுப்பவரும் தறிக்காரரும் அந்த நோட்டை நடுவில் வைத்து உட்கார வேண்டும். குறிப்பிட்ட ஒரு லாட் நூலில் மட்டும் இழை அதிகமாக அறுந்திருந்தால் பிடித்தம் கூலியில் விழக் கூடாது, நூல் விற்றவரிடம் போக வேண்டும். பாவு வராமல் நின்ற நாளுக்கு ஒரு காத்திருப்புக் கூலி பேச வேண்டும். சிறிய தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தொகை முதலாளியின் பேரேட்டில் ஏறிய மறுமாதமே பாவு நேரத்துக்கு வரத் தொடங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சோளிங்கர், பாடி, கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எதைக் கண்டு எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அவர்களை மாதம் ஒரு நாள் தறிக்கூடங்களுக்கு அழைத்துவரும் பொறுப்பை இந்த அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் கூடத்துக்கு நானும் வருகிறேன். நோட்டு வாங்கும் செலவும் என்னுடையது.

நேரம் இருக்கிறது. தறிக்காரர்கள் முதலில் கேளுங்கள்.